தலையெழுத்தை நடந்தே அழிக்க முடியுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. அப்பா 52 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணனுக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள், அவருக்கு 46 வயதுதான். அம்மாவுக்கு 45 வயதிலிருந்தே சர்க்கரை. இதையெல்லாம் பார்த்துப் பயந்துபோய் நானும் தங்கையும் ஒரு வருடமாகத் தினமும் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கிறோம். நடுவில் எனக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு மாதம் நின்றுபோனது. தங்கைக்கு இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, எடையும் இரண்டு கிலோதான் குறைந்தது. இணையத்தில் பணம் கட்டி ஒரு மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். 'உடற்பயிற்சியால் குறைந்த பலன் பெறும் வகை' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. உடற்பயிற்சி மரபணுவையே மாற்றிவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். என் கணவரோ, "தலையெழுத்தை நடந்தா அழிக்க முடியும்?" என்று கேட்கிறார். யார் சொல்வது சரி? 14 வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். நான் செய்யும் பயிற்சியின் பலன் அவளுக்கும் போய்ச் சேருமா? இனியும் நடப்பதில் பிரயோஜனம் உண்டா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு. உங்கள் குடும்பத்தில் இருப்பது போன்ற வரலாறு இல்லாதவரைவிட உங்களுக்கு அதிகமாகவே உண்டு. ஆனால் நீங்கள் நடக்கும் விதம் கொஞ்சம் மாற வேண்டும். அதோடு, நடையால் மட்டும் சரிசெய்ய முடியாத ஒன்றிரண்டு விஷயங்களை ரத்தப் பரிசோதனையில் பார்த்தாக வேண்டும்.

காணொளியில் சொன்னதும் உங்கள் கணவர் சொல்வதும் ஆளுக்குப் பாதி உண்மை. அம்மா அப்பாவிடமிருந்து வந்த டி.என்.ஏ. எழுத்துகளை எந்த உடற்பயிற்சியும் மாற்றாது. நாளைக்கே மாரத்தான் ஓடினாலும் சர்க்கரை நோய்க்குச் சாதகமான ஒரு மரபணு வகை உங்களிடம் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும். மாறுவது வேறு. உங்கள் கண்ணில் இருக்கும் செல்லிலும் தொடைத் தசையில் இருக்கும் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். இரண்டிலும் புரதம் செய்வதற்கான சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்று பார்க்கிறது, இன்னொன்று சுருங்கி விரிகிறது என்றால், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடுகிறது. டி.என்.ஏ.வின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெத்தில் என்ற மிகச் சிறிய வேதிக் குழுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் அவை நிறைய ஒட்டியிருந்தால் பொதுவாக அந்த மரபணு அடங்கியிருக்கும், விலகினால் வேலையைத் தொடங்கும். இந்தத் துறைக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். உடற்பயிற்சி கை வைப்பது இங்கேதான்.

தசைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நீங்கள் வேகமாக நடக்கத் தொடங்கியதும் தொடைத் தசை நார்களுக்குள் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் கால்சியம் வெளிப்படுகிறது. செல்லின் எரிபொருள் குறைய ஆரம்பிக்கிறது. கையிருப்பு குறைகிறது என்பதைக் கண்டுகொள்வதற்கென்றே ஏ.எம்.பி.கே. என்ற ஒரு நொதி அங்கே இருக்கிறது. அது விழித்துக்கொண்டு செல்லின் கருவுக்குச் செய்தி அனுப்புகிறது. பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற மரபணு முடுக்கிவிடப்படுகிறது. இதை மேஸ்திரி என்றே சொல்லலாம். இது உத்தரவு கொடுத்ததும், செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகக் கட்டும் வேலை தொடங்கும், கொழுப்பை எரிக்கும் நொதிகள் கூடும். 2012இல் ஸ்வீடனில், வழக்கமாக உடற்பயிற்சி செய்யாதவர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்கள் தொடையிலிருந்து ஊசியால் துளியளவு தசையை எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவை மிதித்ததற்கே இந்த மரபணுவின் மேலிருந்த மெத்தில் குறைந்திருந்தது. மெதுவாக மிதித்தபோது இல்லாத அளவுக்கு, மூச்சு வாங்க மிதித்தபோது அந்த மாற்றம் தெரிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 'பேசிக்கொண்டே நடக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அங்கே திரும்ப வருவேன்.

ஆனால் அந்த மேஸ்திரிக்கு வேலை நேரம் கொஞ்சம்தான். பயிற்சி முடிந்து சில மணி நேரத்தில் அந்த மரபணுவின் செயல் உச்சத்துக்குப் போகும். ஏறக்குறைய ஒரு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் செய்யப்பட்ட புரதம் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நீங்கள் திரும்ப நடந்தால் அதன்மேல் இன்னும் கொஞ்சம் சேரும். 'ரெகுலராகச் செய்யுங்கள்' என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடப்பது கெடுதல் இல்லை, ஆனால் நடுவில் ஆறு நாள் மேஸ்திரிக்கு லீவு.

மாதக் கணக்கில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி 2014இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து வந்தது. 23 இளைஞர்கள், பெண்களும் ஆண்களும். அவர்களை ஒரே ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்யச் சொன்னார்கள், வாரம் நான்கு தடவை, தடவைக்கு 45 நிமிடம், மூன்று மாதம். மற்ற கால் சும்மா இருக்கும். இந்த யோசனையின் அழகைப் பாருங்கள். சாப்பாடு, தூக்கம், கவலை, பரம்பரை என்று எந்தக் காரணத்தையும் சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் இரண்டு காலும் ஒரே ஆளுடையவை. மூன்று மாதம் கழித்து இரண்டு தொடையிலிருந்தும் தசை எடுத்துப் பார்த்தால், வேலை செய்த காலில் டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 5,000 இடங்களில் மெத்தில் அமைப்பு மாறியிருந்தது. சும்மா இருந்த காலில் குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை. ஒரே உடம்பு, ஒரே மரபணு, இரண்டு கால், இரண்டு விதமான வேலை. உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, தசையில் மெத்தில் மாறியது. அதனால் நோய் தள்ளிப்போகுமா? நியாயமான சந்தேகம். ஆய்வகத்தில் தெரியும் மாற்றமெல்லாம் ஆளைக் காப்பாற்றிவிடாது. அதனால் உங்களைப் போன்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதே முக்கியம்.

சர்க்கரையிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் சர்க்கரை வரும் எல்லையில் நின்றிருந்த 3,234 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்து எடையில் 7 சதவீதம் குறைக்க முயன்றது. இன்னொன்று மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தது, மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 2002இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் குழுவில் சர்க்கரை நோய் 31 சதவீதம் குறைவாக வந்தது, பழக்கங்களை மாற்றிய குழுவில் 58 சதவீதம் குறைவு. அப்புறம் 2006இல் இதே ஆட்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவின் மோசமான வகையை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வாங்கி வந்தவர்களுக்கு, வெற்று மாத்திரைக் குழுவில், அது இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 80 சதவீதம் அதிக ஆபத்து இருந்தது. நடந்து, உணவை மாற்றிய குழுவில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. மரபணு எங்கும் போகவில்லை, அது காட்டும் வேகம் குறைந்துவிட்டது.

உடல் பருமனிலும் இதே கதைதான். எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வகை இரண்டு பிரதியாக இருப்பவர்கள் அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிக எடையோடு இருப்பார்கள். 2011இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணுவால் வரும் பருமன் ஆபத்து கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. முழுவதும் போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதயத்துக்கு வருவோம், உங்களுக்கு உண்மையான பயம் அதுதான். 2016இல் 55,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஓர் ஆய்வில், பரம்பரை ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். புகைக்காமை, பருமன் இல்லாமை, உடற்பயிற்சி, நல்ல உணவு ஆகிய நான்கில் குறைந்தது மூன்றைக் கடைப்பிடித்தவர்களுக்கு, ஒன்றோ அதற்கும் குறைவாகவோ கடைப்பிடித்தவர்களைவிட இதய நோய் 46 சதவீதம் குறைவாக வந்தது. ஏறத்தாழப் பாதி. இது உடற்பயிற்சியின் பலன் மட்டும் அல்ல, நான்கும் சேர்ந்தது. விளம்பரக்காரர்கள் இந்த இடத்தைத்தான் விழுங்கிவிடுவார்கள்.

ஆரோக்கியமாகப் பிறந்தவர்கள்தான் உடற்பயிற்சி செய்கிறார்களோ என்று ஒரு கேள்வி எப்போதும் உண்டு. 1953இல் லண்டன் பஸ்களில் ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் செய்த புகழ்பெற்ற ஆய்வில், மாடி பஸ்ஸில் நாளெல்லாம் ஏறி இறங்கிய கண்டக்டர்களைவிட உட்கார்ந்தே இருந்த டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. கொஞ்ச நாளில் அவரே அவர்களுடைய யூனிஃபார்ம் அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார். வேலையில் சேரும்போதே டிரைவர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்தது! தன் முடிவையே இப்படிச் சந்தேகித்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி, ஒட்டுமொத்த மரபணுவும் ஒன்றாக இருக்கும் இரட்டையர்களைப் பார்ப்பது. பின்லாந்தில் 30 வயதைத் தாண்டிய 10 ஜோடி ஆண் இரட்டையர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் உடற்பயிற்சியைத் தொடர்ந்தவர், மற்றவர் சில வருடங்களாக விட்டுவிட்டவர். விட்டவருக்கு உடம்பில் கொழுப்பு அதிகம், இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைவு. சிறிய ஆய்வுதான், ஆனால் 'எல்லாம் பிறப்பிலேயே' என்ற வாதம் இங்கே நிற்காது.

இனி உங்களையும் தங்கையையும் பார்ப்போம். அவருக்குக் கிடைத்த பலன் உங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? இதில் பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, மறுக்க முடியாது. ஹெரிட்டேஜ் என்ற ஆய்வில் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு மிக நன்றாகக் கூடியது, சிலருக்கு நகரவே இல்லை. இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் பரம்பரை என்று கணக்கிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட் சொல்வது இந்த மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான். ஆனால் பரம்பரைக்குப் பங்கு இருப்பது வேறு, எச்சிலில் நாலைந்து மரபணுவைப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்வது வேறு. விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் பலர் கூடி 2015இலேயே, இப்படி நேரடியாக விற்கப்படும் பரிசோதனைகளை வைத்து ஒருவருக்குப் பயிற்சி வகுக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

2017இல் வந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். வாரம் 60 நிமிடம் மட்டும் சைக்கிள் மிதித்தவர்களில் பலருக்கு ஆறு வாரம் கழித்தும் பலன் தெரியவில்லை. வாரம் 240 அல்லது 300 நிமிடம் மிதித்தவர்களில் பலன் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. பிறகு, பலன் தெரியாதவர்களுக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுத்ததும் அவர்களுக்கும் முன்னேற்றம் வந்துவிட்டது. ஆக, 'பலன் பெறாத வகை' என்று சொல்லப்படுபவர்களில் பலர் போதாத அளவு செய்தவர்கள். இன்னொன்றும் உண்டு. எடை, மூச்சு இரண்டை மட்டும் வைத்து நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். சுருங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், பயிற்சிக்குப் பிறகும் ஒன்றிரண்டு நாள்வரை இன்சுலினுக்கு நன்றாகப் பதில் கொடுக்கும். இதெல்லாம் எடை மெஷினில் தெரியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் ஒரு வருடத்துக்கு முன்பு எடுத்திருந்தால் இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

நடுவில் இரண்டு மாதம் விட்டதற்காக வருத்தப்படாதீர்கள். எடை தூக்கும் பயிற்சி 7 வாரம், ஓய்வு 7 வாரம், திரும்பவும் பயிற்சி 7 வாரம் என்று எட்டு ஆண்களை வைத்து 2018இல் பார்த்திருக்கிறார்கள். ஓய்வில் தசை இறங்கிவிட்டது, ஆனால் சில மரபணுக்களில் பயிற்சியால் வந்த மெத்தில் மாற்றம் அப்படியே இருந்தது. இரண்டாவது தடவை தசை முன்னைவிட நன்றாகவே ஏறியது. ஒரு தடவை பழகிய தசை முதலிலிருந்து தொடங்குவதில்லை.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். தங்கையோடு பேசுவது மனதுக்கு நல்லது, அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் முழு அரை மணி நேரமும் சிரமமில்லாமல் பேச முடிந்தால் உங்கள் தசைக்கு அது பெரிய வேலை இல்லை. பேசலாம், பாட முடியாது என்ற அளவுக்கு வேகம் வேண்டும். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் நடுத்தர வயதினரையும் முதியவர்களையும் வைத்துப் பரிசோதித்த ஒரு முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும்: மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து சுற்று. அதே அரை மணி நேரம்தான். மெதுவாக நடக்கும் மூன்று நிமிடத்தில் பேசிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்றோடு நிறுத்திப் படிப்படியாகக் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு மிதமான பயிற்சி 150 முதல் 300 நிமிடம், அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. இரண்டாவதைப் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் இடைவெளி விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்கரைக்கு அது முக்கியம்.

ஆனால் வேகத்தைக் கூட்டுவதற்கு முன் ஒரு டாக்டரை நேரில் பாருங்கள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் 55 வயதுக்குள் இதய நோய் வந்திருப்பது சாதாரண விஷயம் இல்லை. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல், மயக்கம், படபடப்பு ஏதாவது இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். உங்கள் குடும்பத்தில் இளம் வயதில் திடீரென்று யாராவது இறந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இதயத் தசையே தடித்துப்போகும் பரம்பரை நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அது போன்ற சில நோய்களில் கடுமையான பயிற்சியே ஆபத்தாகலாம்.

ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பைக் கட்டாயம் பாருங்கள். அது 190 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பரம்பரைக் கொழுப்பு நோயாக இருக்கலாம், ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அதை நடந்து குறைக்க முடியாது, மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிடுவதைத் தோல்வியாக நினைக்கும் ஆட்களை வாரா வாரம் பார்க்கிறேன், நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். எல்.டி.எல். போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் 'லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ' என்ற ஒன்றுக்கான பரிசோதனையையும் வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும். அதன் அளவைப் பெரும்பாலும் மரபணுதான் முடிவு செய்கிறது, உடற்பயிற்சி அதைத் தொடுவதே இல்லை. அது அதிகமாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் இன்னும் கறாராகக் கட்டுக்குள் வைக்க வேண்டும்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் இன்று நடப்பதால் உங்கள் தசையில் வரும் மாற்றம் 14 வருடத்துக்கு முன்பே பிறந்துவிட்ட பிள்ளைக்கு எப்படிப் போகும்! இனிமேல் குழந்தை பெற்றுக்கொள்கிறவர்களுக்கும், தசையில் வந்த மெத்தில் மாற்றம் வாரிசுக்குப் போகாது. கருவாக உருவாகும் ஆரம்ப நாட்களில் பெற்றோரின் மெத்தில் குறிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுத்தான் புதிதாக எழுதப்படுகிறது. எலிகளில் வேறுவிதமாகச் சில முடிவுகள் வந்திருக்கின்றன, அவற்றை வைத்து மனிதருக்கு வாக்குக் கொடுப்பது அவசரம். அவள் தசை வேலை செய்ய வேண்டுமானால் அவளேதான் ஓடி ஆட வேண்டும். மாலையில் அவளையும் நடக்கக் கூட்டிப்போங்கள். உங்கள் வேகமான மூன்று நிமிடம் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்பாள், பரவாயில்லை.

மரபணுவாக அவளுக்குப் போயிருக்கக்கூடியது அந்தக் கொழுப்பு நோய். உங்களுக்கு அது இருப்பது உறுதியானால் அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 14 வயதிலேயே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சீக்கிரம் தெரிவது மிகவும் நல்லது. டாக்டரிடம் போகும்போது அண்ணனின் பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போங்கள். ஸ்டென்ட் வைத்து மாத்திரை தொடங்குவதற்கு முன் அவருடைய எல்.டி.எல். எவ்வளவு இருந்தது என்ற எண்தான் அதில் முக்கியம். மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்த எண் குறைந்திருக்கும், அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.